மூத்தவளுக்குப் போன பங்கு

ஆய்வுக்குத் தன் தாய்ப்பாலில் ஒரு மாதிரி கொடுத்தவர், அதன் முடிவைக் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஒரு தாய் அப்படிக் கேட்டார். இடுப்பில் இரண்டாவது குழந்தை. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி உடம்புக்குள் சிதைந்து டிடிஈ ஆகும். அது அவர் பாலில் இருந்தது. "பயப்படாதீங்க, எல்லார் உடம்புலயும் இருக்கு" என்றேன். இது ஒரு ஆறுதலா? எனக்கே கூச்சமாக இருந்ததால் இன்னொன்றையும் சேர்த்தேன். இவை கொழுப்பில் தங்குபவை, வருடக்கணக்கில் போகாதவை. பால் கொடுக்கக் கொடுக்க, அந்தக் கொழுப்போடு தாயின் இருப்பும் குறையும். அதனால் இரண்டாவது பிள்ளைக்குக் குறைவாகத்தான் போகும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ மூத்தவளுக்குத்தான் நிறைய போயிருக்கும், இல்லையா மேடம்?"

"பொதுவா அப்படித்தான்."

அந்த 'பொதுவா' சரியான சொல்தான். ஒரு மாதிரியை வைத்து மூத்தவளுக்கு எவ்வளவு போனது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் அவர் காதில் 'ஆமாம்' என்றுதான் விழுந்திருக்கும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், நன்மைதான் அதிகம், உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது என்று அப்புறம் நிறையப் பேசினேன். தலையாட்டினார். அவர் கேட்டது அதை இல்லையே.

வேறு எதைச் சொல்லியிருக்கலாம்? ஸ்வீடனில் 1970களிலிருந்து தாய்ப்பாலில் டிடிடியும், பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள்களும் பல மடங்கு குறைந்ததைச் சொல்லியிருக்கலாம். தடை பலன் தரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதே பாலில் 1990களின் பிற்பகுதி வரை, தீ பரவாமல் இருக்கப் பொருள்களில் சேர்த்துவந்த பிபிடிஈ என்ற வேதிப்பொருள் ஏறிக்கொண்டே போனது. பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினால் அதுவும் மறைப்புதானே.

நாங்கள் பாலை எடுப்பதே அது ஊசி குத்தாமல் கிடைக்கும் கொழுப்பு என்பதால்தான். இப்படி எளிதில் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்த 2001இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கண்காணிப்பும் மனிதர்களிடம் தாய்ப்பாலையும் ரத்தத்தையும்தான் பார்க்கிறது. பெரிய ஆய்வுகளில் முதல் பிரசவத் தாய்மார்களையே தேர்ந்தெடுப்பார்கள். காரணம், அவர் கண்டுபிடித்த அதே கணக்கு! பல வருடம் படித்து நான் தெரிந்துகொண்டதை அவர் ஒரே நிமிடத்தில் தன் பிள்ளைகள் மேல் போட்டுப் பார்த்துவிட்டார்.

எங்கள் படிவத்தில் 'எத்தனையாவது பிரசவம்?' என்று ஒரு கேள்வி உண்டு. அது எதற்கு என்று இப்போது யாராவது கேட்டால், "வழக்கமா கேக்குறதுதாம்மா" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன்.