கொல்கத்தாவில் மாலை ஆறரை மணி

கொல்கத்தா போகிறேன் என்றதும் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். காளிகாட், தட்சிணேசுவரம், ஹௌரா பாலம், விக்டோரியா நினைவகம். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நான் கிளம்பியது நாடகம் பார்க்க. தமிழ் நவீன நாடகத்தைப் பற்றி நாலு கட்டுரை படித்தால் அதில் எங்காவது வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் பெயர் வந்துவிடும். 1980-ல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிலரங்கில் நம் நாடகக்காரர்கள் பலர் கலந்துகொண்டார்கள். மேடையும் திரையும் டிக்கெட்டும் இல்லாமல், ஒரு பூங்காவில் மக்களுக்கு நடுவிலேயே நாடகம் போடலாம் என்று செய்து காட்டிய மனிதர். அவரை உருவாக்கிய ஊரில் விழாவும் விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண சாயங்காலம் எப்படி இருக்கும்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

குளிர்காலத்தில் போங்கள். டிசம்பரும் ஜனவரியும்தான் அங்கே கலைக்கான மாதங்கள். 1984-லிருந்து நந்திகார் குழு நடத்திவரும் தேசிய நாடக விழா டிசம்பரில். 1952-ல் தொடங்கிய டோவர் லேன் இசை மாநாடு ஜனவரியில். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்கிற இந்துஸ்தானிக் கச்சேரிகள். நம் மார்கழி சீசனுக்குப் பழகியவர்களுக்கு அந்த ஊர் ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

ரவீந்திர சதன் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. 1984-ல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடிய பாதையில் அமைந்த நிலையம் அது. மேலே ஏறி வந்தால் ரவீந்திர சதன் அரங்கு, சிசிர் மஞ்ச், சத்யஜித் ராய் 1985-ல் திறந்துவைத்த நந்தன் திரைப்பட மையம், இன்னும் கொஞ்சம் நடந்தால் அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். லேடி ராணு முகர்ஜி 1933-ல் தொடங்கிய அமைப்பு. ஓவியக் கூடங்களோடு ஒரு நாடக அரங்கும் இருக்கிறது. வங்காள நாடகக்காரர்களுக்கு இந்த அரங்குதான் தாய்வீடு.

நாடகம் ஆறரைக்கு. ஐந்து மணிக்கே போய்விடுவது நல்லது. வாசலில் வரப்போகும் நாடகங்களின் விளம்பரங்கள் வரிசையாக இருக்கும். மண் குவளையில் டீ குடித்தபடி ஆட்கள் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அலுவலகத்திலிருந்து பையோடு நேரே வந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பேரனைக் கையில் பிடித்து வந்த தாத்தா. யாரும் பட்டுப்புடவை கட்டி, 'வந்திருக்கிறேன் பார்' என்று நிற்கவில்லை. ஒரு பெரியவர் தன் நண்பரிடம் போன வாரம் பார்த்த நாடகத்தின் இரண்டாம் பாதியைக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வங்காளி அவ்வளவாகப் புரியாது. ஆனால் திட்டு புரிந்தது. அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது.

இங்கே ஆடும் நாடகக் குழுக்களில் பெரும்பாலானோருக்கு நாடகம் சம்பளம் தரும் வேலை அல்ல. பகலில் வங்கி, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், சாயங்காலம் ஒத்திகை. அரங்கை ஒருநாளைக்கு வாடகைக்கு எடுத்து, செட்டை வண்டியில் கொண்டுவந்து அடுக்கி, நாடகம் முடிந்ததும் நடிகர்களே சேர்ந்து பிரித்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இதன் வேர் 1943 வங்காளப் பஞ்சத்தில் இருக்கிறது. அந்தப் பஞ்சத்தைப் பற்றி பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' 1944-ல் மேடையேறியது. அதிலிருந்து வந்த சம்பு மித்ரா முதலியோர் 1948-ல் 'பஹுரூபி' குழுவைத் தொடங்கினார்கள். வசூலுக்காக அல்லாமல், சொல்ல விஷயம் இருப்பதால் நாடகம் போடுகிற குழுக்கள் அப்போதிலிருந்து இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கின்றன.

நான் பார்த்தது தாகூரின் 'ரக்தகரபி'. போவதற்கு முன்பே மொழிபெயர்ப்பில் ஒருமுறை படித்து வைத்திருந்தேன். மொழி தெரியாத ஊரில் நாடகம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: தெரிந்த கதையாகத் தேர்ந்தெடுங்கள், படித்துவிட்டுப் போங்கள். அப்புறம் வார்த்தைக்காகத் தவிக்க வேண்டியதில்லை. குரலையும் உடம்பையும் கவனிக்கலாம்.

மூன்றாவது மணி அடித்து விளக்கு அணைந்தது. மேடையின் பின்பக்கம் முழுக்க ஒரு வலை. தங்கம் தோண்டும் ஊர் அது. தொழிலாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண் சொல்லித்தான். ராஜா வலைக்குப் பின்னால் இருக்கிறார், அவருடைய குரல் மட்டும் வருகிறது. நந்தினி வலைக்கு வெளியே நின்று அந்தக் குரலோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள். நந்தினியாக நடித்த பெண் ஒரு கட்டத்தில் வலையின் ஒரு கண்ணிக்குள் விரலை நுழைத்து மெல்ல இழுத்தார். வலை முழுவதும் ஆடியது. கூடவே ராஜாவின் குரலும் ஒரு நொடி தடுமாறியது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா "ஆஹா" என்றார். 1954-ல் பஹுரூபி இதை மேடையேற்றியபோது சம்பு மித்ரா ராஜாவாகவும் திருப்தி மித்ரா நந்தினியாகவும் நடித்தார்கள். அதற்கு முன் தாகூரின் நாடகங்கள் படிக்கத்தான் லாயக்கு, நடிக்க முடியாது என்று சொன்னவர்கள் உண்டு. இப்போது இந்த நாடகத்தில் எந்த வசனம் எங்கே வரும் என்று பார்வையாளர்களுக்கே தெரிகிறது.

நாட்டியமும் பார்த்தேன். ரவீந்திர சதனில் 'சண்டாளிகா' நாட்டிய நாடகம். தாகூர் தன் கடைசிக் காலத்தில், 1936-க்கும் 1939-க்கும் இடையில், 'சித்ராங்கதா', 'சண்டாளிகா', 'சியாமா' என்ற மூன்று நாட்டிய நாடகங்களைத் தந்தார். மணிப்புரி, கதகளி என்று பல இடங்களிலிருந்து அசைவுகளை எடுத்துக்கொண்ட ஆட்டம் இது. பரதநாட்டியத்தின் அரைமண்டியும் தட்டடவும் எதிர்பார்த்துப் போனால் முதலில் ரொம்ப மென்மையாகத் தெரியும். ஆனால் தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணிடம் ஆனந்தர் என்ற புத்த பிக்கு தண்ணீர் கேட்கும் இடம் வந்ததே! அவள் பின்வாங்குகிறாள். கை நடுங்குகிறது. அவர் குவித்த கை அப்படியே நிற்கிறது. அவள் தண்ணீரை ஊற்ற எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் பாடகர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். நம் பதங்களில் ஒரே வரியைப் பலவிதமாக அபிநயித்து சஞ்சாரி செய்வதை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது.

வடக்குக் கொல்கத்தாவுக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். ஹாதிபாகானில் இருக்கிறது பழைய ஸ்டார் தியேட்டர். அதன் கதை என்னை விடவே இல்லை. பினோதினி தாசி, சமூகம் ஒதுக்கிவைத்த ஒரு குடும்பத்தில் பிறந்து, 1874-ல் சிறுமியாக மேடையேறியவர். ஒரு நிரந்தர அரங்கு கட்டப் பணம் தேவைப்பட்டபோது குர்முக் ராய் என்ற செல்வந்தர் தரத் தயாராக இருந்தார்; நிபந்தனை, பினோதினி அவரோடு இருக்க வேண்டும். நாடகத்துக்காக பினோதினி அதற்கு இணங்கினார். அரங்குக்கு அவர் பெயரின் முதல் எழுத்தை வைப்பதாகச் சகாக்கள் வாக்குக் கொடுத்தார்கள். பதிவு செய்துவிட்டுத் திரும்பியபோது பெயர் 'ஸ்டார்'. நடந்தது 1883-ல். மறுவருஷம் அதே மேடையில் நாடகாசிரியர் கிரீஷ் கோஷின் 'சைதன்ய லீலா'வில் சைதன்யராக நடித்த பினோதினியை ஸ்ரீராமகிருஷ்ணர் பார்த்து ஆசீர்வதித்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே, இருபத்தைந்து வயதாகும் முன், அவர் மேடையை விட்டு விலகிவிட்டார்.

முதல் ஸ்டார் பீடன் தெருவில் இருந்தது. 1888-ல்தான் ஹாதிபாகானுக்கு வந்தது. அந்தக் கட்டடமும் 1991-ல் தீயில் எரிந்து, பிறகு மீண்டும் கட்டப்பட்டது. 2024 டிசம்பரில் அதற்கு பினோதினியின் பெயரை வைத்திருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் சினிமாதான் ஓடுகிறது, இருந்தாலும் அந்த முகப்பின் முன் ரொம்ப நேரம் நின்றேன். நூற்று நாற்பது வருஷம் கழித்தாவது ஒரு நடிகைக்குக் கொடுத்த வாக்கை அந்த ஊர் காப்பாற்றியிருக்கிறது. சொந்தமாக நாடகக் கம்பெனி நடத்திய நம் கும்பகோணம் பாலாமணி அம்மாளுக்கும் இப்படி ஓர் அரங்கு வேண்டும். இதைப் படிக்கும் யாருக்காவது அதற்கு வழி இருந்தால் தயவுசெய்து முயலுங்கள்.

பீடன் தெருவில் மினர்வா தியேட்டர் இன்னமும் இருக்கிறது. நாடக இயக்குநர் உத்பல் தத் 1959-ல் 'அங்கார்' போட்ட இடம். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து தொழிலாளிகள் மூழ்குவதை, தாபஸ் சேன் வெறும் ஒளியை வைத்தே மேடையில் காட்டினாராம். மின்விளக்கு மட்டும்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. விளக்கு அமைப்பாளர் பெயரையும் மக்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் ஊர் இது.

பசித்தால் சோபாபஜாரில் மித்ரா கஃபே. 1920-லிருந்து இருக்கிறது. மீன் கபிராஜி கேளுங்கள்: ரொட்டித்தூளில் புரட்டிய மீன் துண்டைச் சுற்றி, எண்ணெயில் நுரைத்துப் பொரிந்த முட்டை வலைவலையாக ஒட்டியிருக்கும். காசுந்தி என்ற கடுகுச் சட்னியில் தொட்டால் மூக்கு வரை ஏறும். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். தெருவோரக் கடைகளில் மோச்சார் சாப் கிடைக்கும். வாழைப்பூவை வேகவைத்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து, வேர்க்கடலை சேர்த்துப் பொரித்தது. எனக்கு நம் வாழைப்பூ வடையைவிட இது ஒரு படி மேல் என்றே தோன்றியது. இனிப்புக்கு ஹேதுவா பக்கத்தில் நகுட் கடை. குளிர்காலத்தில் மட்டும் வருகிற புது ஈச்சவெல்லத்தில் செய்த சந்தேஷ், வாயில் வைத்ததும் லேசான புகைமணத்தோடு கரையும். தோசை இல்லாமல் முடியாது என்றால் தெற்கே லேக் மார்க்கெட். தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் பகுதி. கறிவேப்பிலை, மல்லிகைப்பூ, ஃபில்டர் காபி எல்லாம் உண்டு.

கடைசியாக சித்பூர் சாலை. தாகூரின் ஜோராசாங்கோ வீடும் அதை ஒட்டித்தான். அந்தச் சாலையில் ஜாத்ரா என்ற வங்காள நாட்டுப்புற நாடகத்தை ஊர் ஊராகப் போய் ஆடும் கம்பெனிகளின் அலுவலகங்கள் இருக்கின்றன. ஒரு மேசை, ஒரு நாட்காட்டி, சுவர் கொள்ளாத பளபள சுவரொட்டிகள். மதுரையில் ஸ்பெஷல் நாடக நடிகர்களைச் சங்கத்தில் போய்ப் பேசி முடிப்பதுபோல இங்கே கிராமத்து ஆட்கள் வந்து ஒரு ராத்திரிக்கு ஒரு குழுவை ஒப்பந்தம் செய்துகொண்டு போகிறார்கள். ரத யாத்திரை நாளில் முன்பதிவு தொடங்கும். துர்கா பூஜையிலிருந்து பருவமழை தொடங்கும் வரை ஆட்டம். ஒரு அலுவலகத்தில், "இன்றைக்கு எங்கே ஆட்டம்?" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நாட்காட்டியில் விரல் வைத்து, "மேதினிப்பூர் தாதா, நாளைக்கு பர்தமான்" என்றார். ஊரில் ஆட்டம் கிடையாதா என்றதற்கு, "ஜாத்ராவை வயலுக்கு நடுவில்தான் பார்க்கணும்" என்று சொல்லி, அடுத்த குளிர்காலத்தில் வந்தால் தங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொள்வதாகத் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். பூஜை முடிந்ததும் அவருக்கு போன் செய்யப் போகிறேன்.