ஆழ்வார் கோயில் மணல்

பருத்தித்துறையில் இருந்து வல்லிபுரம் ஆழ்வார் கோயில் 5, 6 கிலோமீற்றர்தான். அம்மாவோடு போனால் அரைநாள் வேண்டும். வழியில் தட்டை வடை வாங்க வேண்டும், துளசி மாலை வாங்க வேண்டும், அப்புறம் வீட்டுக் கேற்றைப் பூட்டினோமா என்று ஒருதரம் யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆழ்வாருக்கு விசேஷமான நாள் என்பதால் கூட்டமும் இருந்தது. கொழும்பில் படிக்கிற அக்காவின் மகன், "மாமா, கோயில் முடிய மணற்காட்டுக்குப் போவமா? மோட்டச்சைக்கிளை மணல் மேட்டில ஏத்திப் பாக்கலாம்" என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தான்.

இங்கே ஆழ்வார் என்பது விஷ்ணு; மூலஸ்தானத்தில் இருப்பது அவருடைய சக்கரம். தீபம் காட்டும்போது அம்மா கண்ணை மூடிவிடுவார். பார்க்கத்தானே வந்தோம் என்று கேட்டால் பதில் வராது. தீர்த்தம், துளசி, நெற்றியில் நாமம். சரி, மனம் நிறைந்தது.

வெளியே கிணற்றடியில் கால் கழுவிவிட்டு ஒரு வாய் குடித்தேன். அந்தப் பக்கம் கடல் இரைகிறது, தண்ணீரில் உப்பே இல்லை. மழைத்தண்ணீரை இந்த மணல்தான் உறிஞ்சி வைத்திருக்கிறது. மழைத்தண்ணீர் கனம் குறைவு, அதனால் கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்தபடி நிற்கும். மணலை அள்ளி மேட்டைக் குறைத்தால் அந்த நல்ல தண்ணீரும் குறையும், உவர் மேலே ஏறும்.

கச்சான் விற்கிற ஆச்சியிடம் ஒரு சரை வாங்கும்போது மருமகன் தன் மோட்டச்சைக்கிள் ஆசையைச் சொன்னான். ஆச்சி சுளகைத் தட்டிக்கொண்டே, "ஏத்து ராசா. பிறகு அந்த மண் எல்லாம் காத்தில எழும்பி என்ர கச்சானுக்கதான் வந்து விழும்" என்றார்.

கடல் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்தோம். யாரோ ஏற்கெனவே வண்டி ஓட்டியிருந்தார்கள். இரண்டு சக்கரத் தடங்கள் அடம்பன் கொடியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தன. ஒரு பக்கம் ஊதாப் பூ மலர்ந்திருக்க, அறுந்த பக்கத்தில் இலை சுருண்டு, வேர்கள் பழைய நூல் மாதிரி வெளியே தொங்கின. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று ஒற்றுமைக்குச் சொல்லுவோம். இங்கே அது உவமை கூட இல்லை. அந்தக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பின்னிப் பிடித்திருப்பதால்தான் மேடு மேடாக நிற்கிறது. பிடி விட்டால் மணல் நடக்கத் தொடங்கும். பக்கத்து ஊரான மணற்காட்டில் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோவிலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதற்காக ஒருவரும் போகக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. புரட்டாதிப் பௌர்ணமியில் சுவாமியோடு ஊரே இந்த மணலில் நடந்துதான் கடல் தீர்த்தத்துக்குப் போகிறது. வெறுங்கால், ஒரே வழி, வருஷத்தில் ஒரு நாள். கொடி அதைத் தாங்குகிறது. ஆனால் பக்தர்கள் நாங்களும் சுத்தம் என்றில்லை. ஒரு வருஷம் தீர்த்தம் முடிந்த மறுநாள் வந்து பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல், லன்ச் சீற், சொப்பிங் பை. உல்லாசத்துக்கு வந்தவர்கள் போட்டது என்று யார் தலையிலும் கட்ட முடியாது.

மருமகனின் முகம் தொங்கியிருந்தது. நாங்கள் சின்ன வயதில் செய்ததுதான் நினைவுக்கு வந்தது. ஒரு வடலியடியில் கிடந்த காய்ந்த பனைமட்டையை எடுத்து, கொடி இல்லாத வெறும் சரிவாகப் பார்த்து, "இதில இருந்து சறுக்கு" என்றேன். இரண்டாம் தரம் நானும் ஏறி இருந்தேன். நாற்பத்தாறு வயது. பாதியில் மட்டை ஒரு பக்கம் போக, நாங்கள் ஒரு பக்கம் உருண்டோம்.

கீழே அம்மா வடைப் பையோடு நின்றிருந்தார். "ரெண்டு பேரும் நாமத்தை அழிச்சுப்போட்டீங்கள். வாங்கோ, திரும்ப உள்ளுக்குப் போவம்."