நசுக்கக் கூடாத மாத்திரை

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் என் அம்மா, விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்பதற்காக, பலதுறை மருந்தகத்தில் கொடுத்த நீரிழிவு மாத்திரையைக் கரண்டியால் நசுக்கித் தண்ணீரில் கலந்து குடித்துவந்தார் என்பதைச் சென்ற வாரம்தான் அறிந்தேன். பதறிவிட்டேன்.

அது மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் வகை மெட்ஃபார்மின். அதில் மருந்துத் தூளுடன், செல்லுலோஸிலிருந்து உருவாக்கப்படும் ஹைப்ரோமெல்லோஸ் என்ற பலபடிச் சேர்மம் கலந்திருக்கிறது. இரைப்பையின் நீர் பட்டதும் அது, ஊறிய சப்ஜா விதையைச் சுற்றிப் படரும் வழுவழுப்பைப் போல, உப்பிக் கூழாகிறது. மருந்து அந்தக் கூழின் ஊடாகச் சிறிது சிறிதாகத்தான் கசிந்து வெளியேற முடியும். மெட்ஃபார்மின் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியில் உறிஞ்சப்படுவதால், மருந்து அங்கே நிதானமாக வந்து சேர்வது முக்கியம்; உணவு இரைப்பையில் தங்கும் நேரத்தை நீட்டிப்பதால்தான் இதை இரவு உணவோடு உட்கொள்ளச் சொல்கிறார்கள். நசுக்கினால் அந்த அரண் குலைந்து, ஒரு நாளைக்குரிய மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும். அம்மாவின் வயிற்றுப்போக்குக்கும் குமட்டலுக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். (மருந்து கரைந்தபின் எஞ்சும் கூடு சிலருக்கு மலத்தில் மாத்திரை போலவே தென்படும், அஞ்ச வேண்டியதில்லை.)

அம்மா இரவில் போட்டுக்கொள்ளும் கிளார்ஜின் இன்சுலினும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்: குப்பியில் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும் அது, தோலுக்கடியில் நுண்படிவாக உறைந்து மெல்லக் கரைகிறது.

மருந்தாளரிடம் சொன்னோம். மருத்துவரைக் கேட்டு, நசுக்கத்தக்க சாதாரண மெட்ஃபார்மினை இரு வேளைக்கு மாற்றித் தந்தார்.