யாருடைய நாளுக்காகக் கட்டப்பட்ட நகரம்?

நகரத்தில் பெண்கள் என்று பேச ஆரம்பித்தாலே பேச்சு நேராக விளக்கு, கேமரா, ரோந்து வண்டி என்று போய் நின்றுவிடுகிறது. அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெண்ணைப் பாதுகாக்க வேண்டிய ஒருத்தியாக மட்டுமே பார்த்துத் திட்டம் போட்டால், அவள் அந்தத் தெருவுக்கு என்ன வேலையாக வந்தாள், பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறாள், கால் வலித்தால் எங்கே உட்காருவாள், அவசரத்துக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் யாருமே கேட்பதில்லை. ஆண், பெண் எல்லோருக்கும் சமமான நகரம் வேண்டுமென்றால் இந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பாதுகாப்பில் பாதிக்கு மேல் அதற்குப் பின்னாலேயே வந்துவிடும்.

பெரும்பாலான நகரங்களின் போக்குவரத்தைப் பாருங்கள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி நகரத்தின் நடுவே இருக்கும் வேலையிடத்துக்குப் போய், மாலையில் அதே வழியில் திரும்பும் ஒரு மனிதரை மனத்தில் வைத்துத்தான் எல்லாமே போடப்பட்டிருக்கும். ரயில் பாதைகள் மையத்தை நோக்கி ஓடும், வண்டிகள் காலையிலும் மாலையிலும் அடுத்தடுத்து வரும், மதியம் பதினொன்றிலிருந்து மூன்று வரை ஆடி அசைந்து வரும். ஆனால் குழந்தையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து வயதான அப்பாவுக்கு மருந்து வாங்கி, அரை நாள் வேலைக்குப் போய், திரும்பும் வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு மறுபடியும் பள்ளி வாசலுக்கு ஓடுகிறவருடைய நாள் நேர்கோடாக இருப்பதில்லை. ஒரு பேட்டையிலிருந்து பக்கத்துப் பேட்டைக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று போகிற சின்னச் சின்னப் பயணங்கள் அவை. உலகில் எங்கே பார்த்தாலும் இந்தப் பயணங்களை அதிகம் செய்பவர்கள் பெண்கள்தான்.

ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞரும் பேராசிரியருமான இனெஸ் சான்செஸ் டி மதரியாகா இதைப் பராமரிப்புப் பயணம் என்று தனி வகையாகவே எண்ண வேண்டும் என்று சொன்னார். அவர் காட்டிய விஷயம் எளிமையானது. வழக்கமான கணக்கெடுப்புகளில் வேலைக்குப் போவது ஒரே பெரிய தலைப்பின் கீழ் வரும். பராமரிப்புக்காகப் போவதோ கடைக்குப் போனது, யாரையோ கூட்டிப்போனது, சொந்த வேலை, பொழுதுபோக்கு என்று துண்டு துண்டாகச் சிதறிப்போகும். ஒவ்வொரு துண்டும் சின்னதாகத் தெரிவதால் அதற்கென்று யாரும் பஸ் விட மாட்டார்கள். போதாக்குறைக்குப் பல கணக்கெடுப்புகளில் குறைந்த தூர நடையே சேர்க்கப்படுவதில்லை. பயணச்சீட்டிலும் இதே கதைதான், ஏறும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டு எடுக்க வேண்டிய ஊரில் நான்கு இடத்தில் இறங்கி ஏறுபவர் ஒரே வண்டியில் நேராகப் போகிறவரைவிட அதிகம் கொடுக்கிறார். குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்று ஒரு சீட்டு வைத்தால் அந்த அநியாயம் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா ஊரில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். பனி விழுந்தால் முதலில் பெரிய சாலைகளைச் சுத்தம் செய்வது, நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் கடைசியாகப் பார்ப்பது என்பதுதான் அங்கே வழக்கம். பனி அள்ளுவதில் ஆண் என்ன, பெண் என்ன என்றுதானே யாருக்கும் தோன்றும்? 2011 வாக்கில் நகராட்சி தன் வேலைகளை ஒவ்வொன்றாக இந்தக் கண்ணோடு எடுத்துப் பார்த்தபோது, கார் ஓட்டுகிறவர்களில் ஆண்கள் அதிகம், நடப்பவர்களிலும் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களிலும் பெண்கள் அதிகம் என்ற சாதாரண உண்மை கண்ணில் பட்டது. சில அங்குலப் பனியில் காரை ஓட்டிவிடலாம், குழந்தை வண்டியைத் தள்ள முடியாது. வழுக்கி விழுந்து எலும்பை உடைத்துக்கொள்வதும் நடப்பவர்கள்தான். அதனால் வரிசையை மாற்றி, பாலர் பள்ளிகளுக்குப் போகும் வழிகளையும் நடைபாதைகளையும் முதலில் எடுத்துக்கொண்டார்கள். அதே வண்டிகள், அதே ஆட்கள், வரிசை மட்டும்தான் வேறு.

சரி, எல்லாம் சுமுகமாகப் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. ஸ்டாக்ஹோமும் இந்த முறையைக் கொண்டுவந்தது. 2016 நவம்பரில் அங்கே நூறு ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு நவம்பர் பனி கொட்டி ஊரே ஸ்தம்பித்தபோது, பழி முழுக்க இந்தச் சமத்துவப் பனி அகற்றலின் மேல் விழுந்தது. சாலைகள் முதலில் என்று இருந்த காலத்தில் நடைபாதையில் விழுந்தவர்களுக்காக யாரும் இப்படி ஒரு கொள்கையைக் குற்றம் சொன்னதே இல்லை என்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

ஆஸ்திரியாவின் வியன்னா இதில் நெடுங்காலமாக உழைக்கிறது. 1991-இல் நகரத் திட்டமிடுநர் எவா கைல் உள்ளிட்ட சிலர், பொது இடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு நகரத்துப் பெண்களின் அன்றாடத்தைக் காட்டும் ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். அடுத்த ஆண்டே நகர நிர்வாகத்தில் பெண்களுக்கான அலுவலகம் வந்தது. பிறகு பெண் கட்டடக் கலைஞர்களுக்கு மட்டும் போட்டி வைத்து, 357 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை 1997-இல் கட்டி முடித்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் குழந்தை வண்டி நிறுத்த இடம், நின்று பேசும் அளவுக்கு அகலமான வெளிச்சமான படிக்கட்டு, உள்ளேயே பாலர் பள்ளி என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். வேலை செய்துகொண்டே முற்றத்தில் விளையாடும் பிள்ளையைப் பார்க்க முடிவது சின்ன விஷயமில்லை, வீட்டில் ஆள் இல்லாமல் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் வியன்னாவில் எனக்குப் பெரிதாகப் படுவது பூங்காக்கள். சுமார் ஒன்பது, பத்து வயது தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைகிறது, ஆண் பிள்ளைகள் தொடர்ந்து வருகிறார்கள் என்று தொண்ணூறுகளில் அங்கே கவனித்தார்கள். இதற்குப் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வம் போய்விடும், வீட்டில் விட மாட்டார்கள் என்றுதான் யாரும் பதில் சொல்வார்கள். அங்கே பார்த்தவர்கள் இடத்தையே பார்த்தார்கள். நடுவில் ஒரே பெரிய திறந்த வெளி, அல்லது சுற்றிலும் கம்பி வலை போட்டு ஒரே ஒரு வாசல் வைத்த பந்து மைதானம். அந்த வாசலில் நான்கு பையன்கள் நின்றால் போதும், உள்ளே போக நினைக்கும் பெண் பிள்ளை திரும்பிப் போய்விடுவாள். யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஓர் இடத்துக்கு எல்லோரும் மோத வேண்டும் என்றால் யார் ஒதுங்குவார்கள் என்பது முதலிலேயே தெரிந்த விஷயம்.

அதனால் 1999-இல் மார்கரேட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய வெளியைச் செடிகளாலும் மேடு பள்ளங்களாலும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். உள்ளே போக நடைபாதைகள் கூடின, வாலிபால், பேட்மின்டன் ஆட இடம் வந்தது. பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். பையன்களை யாரும் துரத்தவும் இல்லை.

பதின்பருவப் பெண்களுக்குப் பூங்காவில் என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்ட ஊர்கள் குறைவு. இளைஞர்களுக்கான வசதி என்றால் ஸ்கேட்டிங் மேடை, பந்து மைதானம், அதோடு முடிந்தது. ஸ்வீடனின் உமியோவில் பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி ஓர் இடத்தை வடிவமைத்தார்கள். மேலே கூரை, ஒருவரை ஒருவர் பார்த்தபடி ஆடக்கூடிய பெரிய ஊஞ்சல் இருக்கைகள், அவரவர் பாட்டைப் போட்டுக்கொள்ள வசதி. வாங்கவும் விற்கவும் போட்டியிடவும் தேவையில்லாமல் சும்மா உட்கார்ந்து பேச ஓர் இடம். பையன்கள் தெருமுனையில் நின்று இதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள். வேலை எதுவும் இல்லாமல் ஒரு பெண் பொது இடத்தில் நிற்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் நான் ஒரு நகரத்தை மதிப்பிடுவேன்.

அப்புறம் கழிப்பறை. இதைப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டே பாதி வாழ்க்கை போய்விடுகிறது. வெளியே போகும் நாளில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர்! ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம அளவில் இடம் ஒதுக்கினோம் என்று கட்டுகிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதே இடத்தில் ஆண்கள் பக்கம் சிறுநீர்க் கோப்பைகளை வரிசையாக வைக்கலாம், பெண்கள் பக்கம் கதவு போட்ட அறைகள்தான் வைக்க முடியும் என்பதால் எண்ணிக்கையே குறைந்துவிடும். உடை, மாதவிடாய், கர்ப்பம், கூட வரும் குழந்தை என்று பெண்களுக்கு நேரமும் அதிகம் பிடிக்கும். நியூயார்க் நகரம் 2005-இல் புதிய அரங்குகள், மதுக்கூடங்கள் போன்ற இடங்களில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கழிப்பறை வேண்டும் என்று சட்டமே போட்டது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கூட்ட நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வழக்கமான பிரிப்பில் பெண்கள் சராசரியாக 6 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க, ஆண்களுக்குச் சில வினாடிகள்தான். எல்லோருக்கும் பொதுவான அறைகளாக மாற்றினால் பெண்களின் காத்திருப்பு வெகுவாகக் குறையும் என்பது அவர்கள் முடிவு. எனக்கு அதில் ஒரே நிபந்தனை உண்டு, கதவும் சுவரும் தரையிலிருந்து கூரைவரை இருக்க வேண்டும். மேலும் கீழும் இடைவெளி விட்ட பலகைத் தடுப்புகளை வைத்துக்கொண்டு ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே கழிப்பறை என்றால் பெண்கள் உள்ளே போகவே மாட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் 2015-இல் ஓர் இரவு, அவசரத்துக்கு இடம் கிடைக்காமல் தெருவோரம் ஒதுங்கிய ஒரு பெண்ணுக்கு அபராதம் போட்டார்கள். நகரத்தின் மையத்தில் ஆண்களுக்குத் திறந்தவெளிச் சிறுநீர்க் கூடங்கள் முப்பதுக்கு மேல், பெண்கள் பயன்படுத்தக்கூடியவை மூன்றே மூன்று. வழக்கு 2017-இல் நீதிமன்றம் போனபோது, ஆண்களுக்கான அதே கூடத்தைப் பயன்படுத்தியிருக்கலாமே, வசதியாக இருக்காது, ஆனாலும் முடியும் என்று நீதிபதி சொன்னார். நாடு முழுக்கப் பெண்கள் கொதித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் துணி மாற்றும் மேடையைப் பெண்கள் கழிப்பறையில் மட்டும் வைத்தால், குழந்தையோடு வெளியே வரும் அப்பாவுக்கு அது உன் வேலை இல்லை என்று அந்தக் கட்டடம் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் 2016-இல் ஒரு சட்டம் வந்த பிறகுதான் பொதுமக்கள் வரும் மத்திய அரசுக் கட்டடங்களில் இரு பக்கமும் அந்த மேடை இருக்க வேண்டும் என்றானது.

இப்போது பாதுகாப்புக்கு வருகிறேன். டொராண்டோவில் 1989-இல் பெண்கள் தாங்களே இரவில் தங்கள் பகுதியைச் சுற்றி நடந்து, எங்கே இருட்டு, எங்கே ஒளிந்து நிற்க இடம், எங்கே கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது என்று குறித்துவைக்கும் முறையை உருவாக்கினார்கள். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. டெல்லியில் 2013-இல் தொடங்கிய சேஃப்டிபின் செயலியும் அதே வழியில், வெளிச்சம், நடைபாதை, கண்ணுக்கு எட்டும் தூரம், தெருவில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்களா என்று இடத்துக்கு இடம் மதிப்பெண் போடுகிறது. இரவில் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே, வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடச் சொல்லி ஓட்டுநரைக் கேட்கும் உரிமையை மான்ட்ரியல் 1996-இல் பெண்களுக்குக் கொடுத்தது. செலவே இல்லாத ஏற்பாடு.

விளக்கு வேண்டும்தான், ஆனால் எங்கே? சாலைக்கு மேல் கண்ணைக் கூசும் விளக்கைப் போட்டு நடைபாதையை மரநிழலில் விட்டால் இருட்டு இன்னும் கெட்டியாகத்தான் தெரியும். சீரான, தாழ்ந்த வெளிச்சம் நடப்பவர் முகத்தைக் காட்ட வேண்டும். உயர்ந்த மொட்டைச் சுவர் நீளமாகப் போகும் தெருவில் எத்தனை கேமரா வைத்தாலும் எனக்கு நடக்கத் தைரியம் வராது. கடையும் சன்னலும் வாசலில் உட்கார்ந்த ஆளும் இருக்கும் தெருவில் வரும். தெருவைப் பார்க்கும் கண்கள் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இலேயே சொன்னது இதைத்தான். உமியோ ரயில் நிலையத்துக்கு அடியில் 2012-இல் திறந்த சுரங்கப்பாதையில் மூலைகளை வளைத்துவிட்டார்கள், எதிரே யார் வருகிறார் என்று தூரத்திலேயே தெரியும். பகல் வெளிச்சமும் உள்ளே வருகிறது.

இளஞ்சிவப்பு பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சியோல் 2009 வாக்கில் பெண்களுக்கென்று இளஞ்சிவப்புக் கோடு போட்ட வாகன நிறுத்தங்களைக் கொண்டுவந்து, 2023-இல் அவற்றைக் குடும்பங்களுக்கானவையாக மாற்றியது. குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்று யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொடுப்பதுதான் சரி. ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி இன்றைக்கு வேண்டும், நானும் அதில்தான் ஏறுவேன். ஆனால் அதைக் காட்டி மற்றப் பெட்டிகளைக் கைகழுவக் கூடாது.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 2020 முதல் பராமரிப்புத் தொகுதிகள் என்று ஒன்று நடக்கிறது. நடந்து போகும் தூரத்துக்குள் ஒரே இடத்தில் சலவை இயந்திரங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள், படிப்பை விட்டவர்களுக்கு வகுப்பு, சட்ட உதவி, உடற்பயிற்சி. துணி துவைந்துகொண்டிருக்கும் நேரத்தில் அம்மா பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். ஆண்களுக்கு வீட்டு வேலை கற்றுக்கொடுக்கும் வகுப்பும் அதில் உண்டு. சாலையும் பாலமும் மட்டுமே கட்டுமானம் இல்லை, மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தாங்கிப் பிடிப்பதும் கட்டுமானம்தான் என்று ஒரு பெரிய நகரம் பட்ஜெட்டில் எழுதியது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

உங்கள் பகுதியில் பூங்காவோ பேருந்து நிலையமோ வரப்போகிறது என்றால் வரைபடம் தயாராகும் முன்பே சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். இப்போது அந்த இடத்துக்கு யார், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்று வயது வாரியாக, ஆண் பெண் பிரித்து எண்ணினார்களா? வராமல் போனவர்களை வீட்டில் போய்க் கேட்டார்களா? கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று குறிப்பு எழுதுவார்கள், அது சமைக்கிற நேரம், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருகிற நேரம். காலையில் பள்ளி வாசலில் வைக்கச் சொல்லுங்கள், கூட வரும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரையும் அங்கேயே உட்காரவைக்கச் சொல்லுங்கள்.