கேட்கும் கருவியும் பேசும் கருவியும்

பாம்பனிலிருந்து தொண்டி வரை எந்தக் கடற்கரை டீக்கடையில் உட்கார்ந்தாலும், செயற்கைக்கோளைப் பற்றிய தர்க்கம் ஒன்று காதில் விழாமல் போகாது. அப்துல் கலாம் பிறந்த மண் என்பதால் ராக்கெட் பேச்சு இங்கே யாருக்கும் அந்நியமில்லை. கடலை நம்பிப் பிழைக்கும் மண் என்பதால் அந்தப் பேச்சு சீக்கிரமே நிலாவிலிருந்து இறங்கி விசைப்படகின் வீல் ஹவுஸுக்குள் வந்துவிடும். அமெரிக்காவின் ஜிபிஎஸ் நல்லதா, நம்முடைய நாவிக் நல்லதா, பத்தாயிரம் ரூபாய்ப் போன் போதுமா, தனிக் கருவி வேண்டுமா, படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் உதவிக்கா, உளவுக்கா என்று நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். மண்டபத்தில் கைபேசிகளையும் படகுக் கருவிகளையும் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பதால், இந்த வழக்குகளில் பல தீர்ப்புக்காக என் மேசைக்கு வருகின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தர்க்கங்களில் பாதிக்கு மேல், எந்தக் கருவி கேட்கிறது, எந்தக் கருவி பேசுகிறது என்று பிரித்துப் பார்க்காததால் வருபவை.

"ஜிபிஎஸ் இருந்தும் அந்தப் படகை ஏன்ணே கண்டுபிடிக்க முடியல?" என்பது ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழும் கேள்வி. கேட்பவர் படித்தவராகவே இருப்பார். ஜிபிஎஸ் கருவி எதையும் அனுப்புவதில்லை என்பதுதான் அதற்கான பதில். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் கடிகார நேரத்தையும் தாம் இருக்கும் இடத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. கீழே இருக்கும் கருவி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. முன்பு இந்தக் கரை முழுவதும் இலங்கை வானொலி கேட்டது. யார் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது கொழும்பில் பாட்டுப் போட்டவருக்குத் தெரியாது. ஜிபிஎஸ்ஸும் அதே கதைதான். எஞ்சின் நின்று நீரோட்டத்தில் இழுபடும் படகில், சர்வதேச எல்லைக்கோட்டை எந்த நொடியில் தாண்டுகிறோம் என்பதைத் திரை துல்லியமாகக் காட்டும். அதைப் பார்ப்பவர் அந்தப் படகில் இருப்பவர் மட்டுமே.

இதே குழப்பம் தலைகீழாகவும் வரும். "டவர் இல்லாத இடத்துல போன்ல எப்படி மேப் காட்டும், சும்மா சொல்லாதீங்க" என்று பந்தயம் கட்டியவர்கள் உண்டு. போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ் சில்லும் கேட்கும் கருவிதான். அதற்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். சந்தேகமிருந்தால் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, வானம் திறந்திருக்கும் இடத்தில் நின்று, அட்சரேகை தீர்க்கரேகை காட்டும் செயலி ஒன்றைத் திறந்து பாருங்கள். எண்கள் வரும், சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். செயற்கைக்கோள் தன் விவரங்களை நொடிக்கு 50 பிட் என்ற வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரத்தை முழுதாகக் கேட்டு முடிக்கவே அரை நிமிடம் பிடிக்கும். மொத்தக் கூட்டத்தின் அட்டவணையைக் கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். நெட் இருந்தால் போன் அந்த விவரங்களை அதன் வழியே நொடியில் எடுத்துக்கொள்வதால் உடனே இடத்தைக் காட்டுகிறது. மேப் வரைபடம் நெட்டிலிருந்து வருவது என்பது வேறு விஷயம்; அதைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் போனுக்கு இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வருவதை வைத்து, "ஜிபிஎஸ் நம்மளை இலங்கைல காட்டுது" என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அக்கரை டவரின் சிக்னல் கடல் தாண்டி வந்து போனைப் பிடித்துக்கொள்வதால் வருவது. வானத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இனி, எல்லோருக்கும் பிடித்தமான, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத, யாருடைய செயற்கைக்கோள் என்ற வழக்குக்கு வருகிறேன். கார்கில் போரில் அமெரிக்கா இந்தியாவுக்கு மட்டும் ஜிபிஎஸ்ஸை நிறுத்திவிட்டது என்று ஒருவர் ஆரம்பிப்பார். ஜிபிஎஸ்ஸின் பொதுச் சிக்னல் உலகத்துக்கே ஒலிபரப்பாவது; அந்தக் காலத்தில் அதில் வேண்டுமென்றே பிழை கலந்து, இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும்படி வைத்திருந்தார்கள், உலகம் முழுவதற்கும் சேர்த்து. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். ஆனாலும், அடுத்தவன் குரலை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று நாம் சொந்தமாக ஒன்றைக் கட்டத் தொடங்கியது நியாயமான முடிவுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. இந்தியாவும் அதன் எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் தூரமும் அதன் பரப்பு. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் பகுதியை விட்டு விலகாத சுற்றுப்பாதைகளில் ஏழு செயற்கைக்கோள்கள் நிற்பதுதான் திட்டம்.

திட்டம் அப்படி, நிலவரம் வேறு. வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய அணுக்கடிகாரங்கள் சில செயற்கைக்கோள்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. இடம் காட்டும் தொழிலில் கடிகாரம் போனால் செயற்கைக்கோளே போன மாதிரி, ஏனென்றால் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தூரக் கணக்கு 30 சென்டிமீட்டர் தவறிவிடும். 2017 ஆகஸ்டில் மாற்றாக அனுப்பிய செயற்கைக்கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் திறக்காததால் வீணானது. 2023 மே மாதம் போன, நாவிக்கின் அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோளான என்விஎஸ்-01, உள்நாட்டில் செய்த ரூபிடியம் கடிகாரத்துடன் நன்றாக வேலை செய்தது. 2025 ஜனவரியில், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் போன என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதைக்கு ஏற முடியாமல் நின்றுவிட்டது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தந்த பதிலின்படி, அதுவரை ஏவிய பதினொன்றில் நான்கு இடம் காட்டும் வேலைக்கு, நான்கு ஒருவழிச் செய்தி ஒலிபரப்புக்கு, ஒன்று ஓய்வு பெற்றது, இரண்டு உரிய இடத்துக்குப் போய்ச் சேராதவை. இதைச் சொன்னால் ஒரு தரப்பு என்னைத் தேசத் துரோகியைப் போலப் பார்க்கிறது. மறு தரப்பு "பார்த்தியா, நம்மாளு செஞ்சா இப்படித்தான்" என்று துள்ளுகிறது. 1979 ஆகஸ்டில் வங்கக் கடலில் விழுந்த எஸ்எல்வி-3 ராக்கெட், மறு ஜூலையில் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்ததை, அந்தத் திட்டத்தின் இயக்குநரான கலாமைப் பெற்ற ஊரில் நின்றுகொண்டு மறந்துவிடுகிறார்கள்.

படகோட்டிக்கு இதில் என்ன என்று கேட்டால், இன்றைய தேதியில் அதிகமில்லை. இப்போது விற்கும் சில்லுகள் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. பல சில்லுகள் நாவிக்கையும் கேட்கின்றன. நாவிக் முதலில் எல்-5, எஸ் ஆகிய அலைவரிசைகளில் மட்டும் பேசியதால் மலிவான போன்களுக்கு அது எட்டவில்லை. என்விஎஸ் வரிசையில்தான் எல்லாப் போன்களும் கேட்கப் பழகிய எல்-1 அலைவரிசை சேர்ந்தது. பிழை மூன்று மீட்டரா ஐந்து மீட்டரா என்று மல்லுக்கட்டுகிறவர்கள், என் மேசைக்கு வரும் நோட்டுப் புத்தகங்களைப் பார்க்க வேண்டும்.

படகு டிரைவர்கள் தங்கள் பாயிண்டுகளை, அதாவது கடலில் குறித்துவைத்த இடங்களை, எழுதி வைக்கும் நாற்பது பக்க நோட்டுகள் அவை. உப்புக் காற்றில் தாள் உப்பி, பால்பாயிண்ட் மை ஊறிப் பரவியிருக்கும். ஒரு வரி இப்படி இருக்கும்: 9.24.50 - 79.15.10, பார், வலை கிழியும். பார் என்பது கடலடிப் பாறை. எண்களின் நடுவில் இருப்பவை வெறும் புள்ளிகள். இது 9 டிகிரி 24.50 நிமிடமா, 9 டிகிரி 24 நிமிடம் 50 விநாடியா? அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆகவே இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே 600 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அதையே ஒரு பையன் போனில் 9.2450, 79.1510 என்று தசமத்தில் போட்டால், பாக் விரிகுடாவில் இருக்க வேண்டிய பார், 20 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, மண்டபத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பழைய கருவியிலிருந்து புதியதற்குப் பாயிண்டுகளை மாற்றித் தரும்போது நான் முதலில் கேட்பது, பழைய கருவியில் எந்த முறை வைத்திருந்தீர்கள் என்பதைத்தான். பலருக்கு அது தெரியாது. அவர்கள் கருவியை வாங்கிய நாளிலிருந்து அந்த செட்டிங்கைத் தொட்டதே இல்லை. எல்லைக்கோடு பற்றிய சண்டைகளில் சில, வானத்தில் இல்லாமல் இந்தப் புள்ளியில்தான் பிறக்கின்றன என்பது என் ஊகம். 1974 உடன்படிக்கை பாக் நீரிணையில் கோட்டைப் புள்ளிகளாகவே வரையறுத்தது. அந்தப் புள்ளிகளை நிமிடமும் தசமமுமாக எழுதியிருக்கிறார்கள், விநாடியில் இல்லை.

பேசும் கருவிகளுக்கு வருவோம். முதலாவது விஎச்எஃப் வயர்லெஸ், நம்மவர்கள் மைக் என்று சொல்வது. அதன் அலை நேர்கோட்டில் போவதால் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். நான்கு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் சுமார் 16 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம், அதற்கு மேல் பேசினால் அது அதிர்ஷ்டம். மற்ற படகுகள் சூழத் தொழில் செய்யும் பாக் விரிகுடாவில் இது பெரிய உதவி. தனியாக ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு இது போதாது என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் காட்டியது. எச்சரிக்கை கரையில் இருந்தது, கேட்க வேண்டியவர்கள் அதன் எல்லைக்கு வெளியே இருந்தார்கள்.

அதற்கு விடையாக வந்தவற்றில் 2019-இல் வந்த ஜெமினி என்ற கருவி, ஜிபிஎஸ்ஸின் பிழையைத் திருத்தும் நம்முடைய ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் பகுதிகளையும் படகிலுள்ள போனுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதுவும் கேட்கும் கருவிதான். இதற்கு நேர் எதிரானது, 2010 முதல் புழக்கத்தில் இருக்கும் ஆபத்து அறிவிப்புக் கருவி. அது பேசும், கேட்காது. மூழ்கும் படகில் பொத்தானை அழுத்தியவருக்குத் தன் குரல் சென்னையிலுள்ள கடலோரக் காவல் படை மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் காத்திருக்க வேண்டிய நிலை. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, "கிடைத்தது" என்ற ஒப்புகையை நாவிக் வழியே படகுக்குத் திருப்பி அனுப்புகிறது. என்னைக் கேட்டால், இந்தக் கடற்கரைக்கு நாவிக் செய்திருக்கும் மிகப் பெரிய உபகாரம் இந்தச் சின்ன ஒப்புகைதான். மீட்டர் கணக்குச் சண்டை போடுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

டிரான்ஸ்பாண்டர் இரண்டையும் செய்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இதை இலவசமாகப் பொருத்துகிறார்கள். செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி போகும், வரும், எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும். பேசும் கருவி என்பதால் படகு இருக்கும் இடத்தையும் கரைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், தர்க்கம் சூடாவதும் அங்கேதான். "நம்ம பாடு எங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்" என்பார் ஒருவர். "டோக்கனை வச்சு நடவடிக்கை எடுப்பாங்க" என்பார், கடலுக்குப் போக வாங்கும் அனுமதிச் சீட்டை மனதில் வைத்து, இன்னொருவர். இந்தப் பயத்தைப் படிக்காதவர் பேச்சு என்று தள்ள நான் தயாரில்லை. வேறு எந்தத் தொழிலாளியிடமும் நாள் முழுவதும் எங்கே நின்றாய் என்று பதிவு செய்யும் பெட்டியைக் கொடுத்து, அதன் பதிவு யாரிடம் எவ்வளவு காலம் இருக்கும் என்று எழுத்தில் சொல்லாமல் விட்டால் அவரும் இதைத்தான் கேட்பார். அந்தப் பதிவு, எல்லை தாண்டவில்லை என்று நிரூபிக்கப் படகுக்காரருக்குக் கையில் கிடைக்குமா என்பது என் கேள்வி. கிடைக்கும் என்றால் டீக்கடையில் பாதிப் பேர் கட்சி மாறிவிடுவார்கள்.

செயற்கைக்கோள் வழியே நெட் தரும் ஸ்டார்லிங்க் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அதனோடு பேசுவது எளிது என்பது உண்மை. 2025 ஜூனில் அதற்கு உரிமமும் கிடைத்தது. ஆனால் எல்லைக் கடலில் செயற்கைக்கோளோடு பேசும் எந்தக் கருவிக்கும் அனுமதி முக்கியம். அனுமதியில்லாத துராயா, இரிடியம் செயற்கைக்கோள் போன்களை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் கை நீட்டாதீர்கள்.

மற்றபடி, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகு இறங்குவதற்கு முன்னால் கருவியைக் கொண்டுவருகிறவர்கள், ஆன்டெனா ஒயரையும் சேர்த்தே கழற்றிக்கொண்டு வாருங்கள். பெட்டி நன்றாக இருக்கும். கனெக்டருக்குள் செம்பு பச்சை பூத்து, அதைச் சுற்றி மூன்று சுற்று கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். அந்த ஒயரைப் பார்க்காமல், எந்த நாட்டுச் செயற்கைக்கோள் சரியில்லை என்று என்னால் சொல்ல முடியாது.