ஓலோட்டிலிருந்து கடல் வரை: வண்டி வராத 94 கிலோமீட்டர்

சைக்கிளில் ஏறினால் அக்கா நிமிடத்துக்கு ஒரு தரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பாள். பல வருடங்களுக்கு முன் ஒரு லாரி உரசிக்கொண்டு போனதிலிருந்து அப்படி. விழவில்லை, காயமும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை. மலைப்பக்கம் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டபோது, நான் இடம் தேடியதில் எனக்கு இருந்த நிபந்தனை ஒன்றுதான். மோட்டார் வண்டி வரக்கூடாது.

தேடித் தேடிக் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், கட்டலோனியாவின் ஜிரோனா பகுதிக்கு. வடக்கே பிரனீஸ் மலைகள், கிழக்கே மத்தியதரைக் கடல், இடையில் உறங்கும் எரிமலைகள். அந்த எரிமலைகளுக்கு நடுவில் இருக்கிறது ஓலோட் என்ற ஊர். அங்கிருந்து ஜிரோனா நகரம் வழியாகக் கடற்கரையில் உள்ள சான் ஃபெலியு த கீஷோல்ஸ் வரை ஒரு காலத்தில் ரயில் ஓடியது. காரிலெட் என்று ஊரார் செல்லமாகக் கூப்பிட்ட குட்டி ரயில். தண்டவாள அகலம் வெறும் 750 மில்லிமீட்டர். நம் நீலகிரி ரயிலுக்கு ஒரு மீட்டர் என்றால், இது அதிலும் முக்கால்தான். கடற்கரைப் பாதை 1892-ல் திறந்தது. மலைப்பாதை ஓலோட்டைத் தொட 1911 ஆயிற்று. பேருந்தும் லாரியும் பெருகிய பிறகு 1969-ல் இரண்டையும் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த தடத்தில் மண் பரப்பி, சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டிருக்கிறார்கள். ஓலோட்டிலிருந்து ஜிரோனா சுமார் 54 கிலோமீட்டர், அங்கிருந்து கடல் சுமார் 40. அன்று ரயிலை விரட்டியது மோட்டார் வண்டி. இன்று அந்தத் தடத்தில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை.

அக்டோபர் கடைசியில் ஓலோட் போனோம். "ஓலோட்டில் மழை இல்லையென்றால் எங்கேயும் மழை இல்லை" என்பது அந்தப் பக்கத்துச் சொலவடை. அது எங்களுக்கும் பொய்க்கவில்லை. முதல் நாள் முழுக்கத் தூறல். சரி, சைக்கிளை நாளைக்கு எடுப்போம் என்று ஃபஜெடா தன் ஜோர்தா காட்டுக்குள் நடந்தோம். இந்தப் பக்கத்தில் பீச் மரங்கள் பொதுவாக இதைவிட உயரமான மலைகளில்தான் வளரும். இங்கே க்ரோஸ்கட் எரிமலையிலிருந்து வழிந்து உறைந்த லாவாவின் மேல் ஒரு காடே நிற்கிறது. தரை சமமாக இல்லை. கருங்கல் குவியல்கள் திமில் திமிலாக எழும்பி, பாசி மூடிக் கிடக்கின்றன. மேலே இலைகள் செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. மழைத்துளி இலையில் விழுந்து, அந்த இலை இன்னொரு இலையில் விழும் சத்தம்கூடக் கேட்டது. அக்கா அன்று மாலை வரை அதிகம் பேசவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வாடகைக்கு எடுத்தவை மண்பாதையில் ஓட்டுவதற்கான கிராவல் சைக்கிள்கள், 40 மில்லிமீட்டர் டயர். ஓலோட்டிலிருந்து கடலுக்குப் போவதென்றால் இறக்கம்தானே என்று நினைத்தால், முதலில் ஏற்றம் வருகிறது. லெஸ் ப்ரெஸெஸ் ஊரைத் தாண்டி, சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய் வரை மிதித்தாக வேண்டும். ஆனால் அந்த ஏற்றத்தைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். சுமை இழுக்கும் ரயில் எஞ்சினுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. அதனால் பாதை போட்டவர்கள் மலைச்சரிவை ஒட்டி வளைத்து வளைத்து, மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண் கொட்டி, சரிவை மெல்ல மெல்ல ஏற்றியிருக்கிறார்கள். மாட்டுவண்டித் தடமாக இருந்தால் நேராக மேலே ஏறி நம் மூச்சை வாங்கியிருக்கும். இங்கே சீட்டை விட்டு எழாமல், சின்ன கியரில் உருட்டிக்கொண்டே போனால் போதும். நூறு வருடங்களுக்கு முன் எஞ்சினை நினைத்துச் செய்த கணக்கு, ஐம்பத்திரண்டு வயது அக்காவின் முட்டியைக் காப்பாற்றியது.

முதல் பத்து கிலோமீட்டர் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, பின்னாடி ஏதாவது வருதா?"

"வராதுக்கா. வந்தா சைக்கிள்தான் வரும்."

முழுக்க வண்டியே இல்லை என்று சொல்லமாட்டேன். ஊர்களுக்குள் சில இடங்களில் தெருவோடு கலக்கிறது, சில இடங்களில் சாலையைக் கடக்க வேண்டும், ஒரு டிராக்டரும் எதிரே வந்தது. ஓட்டியவர் எஞ்சினை நிறுத்தி, கையைத் தூக்கி "போன் தியா" என்று சொல்லிவிட்டு நாங்கள் கடக்கும்வரை காத்திருந்தார்.

கணவாய் தாண்டியதும் நீண்ட இறக்கம். சான் ஃபெலியு த பாலியெரோல்ஸ், லெஸ் ப்ளானெஸ், அமேர். ப்ருஜெண்ட் ஆறு கூடவே இறங்கி வருகிறது. இங்கேதான் சிக்கல். பாதையில் பரப்பியிருப்பது சவுலோ என்ற மணல், கிரானைட் உதிர்ந்து உண்டாவது. காய்ந்திருந்தால் சிமெண்டுத் தரை போல் ஓடும். நனைந்திருந்தால் சங்கிலியில் ஏறி அரைக்கும், பிரேக் கட்டையில் புகுந்து கிறீச்சிடும். அமேரில் நிறுத்தி, குடிநீர் பாட்டிலாலேயே சங்கிலியைக் கழுவி எண்ணெய் விட்டேன். மழைக்கு அடுத்த நாள் போகிறவர்கள் சின்ன எண்ணெய்க் குப்பியும் பழைய துணியும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் மதியச் சாப்பாடு. ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் விட்டுத் தருகிறார்கள். கூடவே சாந்தா பாவ் ஊர்ச் சின்ன வெள்ளை பீன்ஸ் விதை. அந்த எரிமலை மண்ணில் விளைவது, வாயில் வெண்ணெயாகக் கரைகிறது.

கீழே ஆங்லேஸ் தாண்டி, தேர் என்ற ஆற்றின் சமவெளியில் காய்கறித் தோட்டங்கள் வழியாக ஜிரோனா. ஆற்றங்கரை வண்ண வீடுகள், ஈஃபெல் நிறுவனம் 1877-ல் கட்டிய சிவப்பு இரும்புப் பாலம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அன்று எங்களுக்குக் கண்ணில் நின்றது கட்டில்தான்.

இரண்டாம் நாள் வெயில். லியாகொஸ்தேராவில் ரயில் தடத்தை விட்டு விலகி, கவாரெஸ் மலைக்குள் திரும்பினோம். ரயில் சொல்லிக்கொடுத்த சொகுசு அதோடு முடிந்தது. ரொமானியா கிராமத்துக்கு ஏறும் காட்டுத்தடங்களில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். இருபுறமும் தக்கை ஓக் மரங்கள். பட்டை உரித்த மரம் செம்மண் நிறத்தில் நிற்கும். மறுபடி உரிக்கப் பத்துப் பன்னிரண்டு வருடம் பொறுக்க வேண்டும். மரத்தை வெட்டுவதில்லை, சட்டையைக் கழற்றுவது போலப் பட்டையை மட்டும் எடுக்கிறார்கள். இந்தத் தக்கையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனதும் அந்தக் குட்டி ரயில்தான்.

ரொமானியாவுக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே கோவா தன் தைனா இருக்கிறது. பெரிய கிரானைட் பலகைகளை நட்டு எழுப்பிய புதிய கற்காலக் கல்லறை, சுற்றிலும் கல்வட்டம். நாங்கள் இருந்த அரை மணி நேரமும் வேறு யாரும் வரவில்லை. தலைக்கு மேல் ஒரு மரங்கொத்தி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. "இதையெல்லாம் காரில் வந்தா கேட்டிருக்க மாட்டோம்ல" என்றாள் அக்கா. அப்போதுதான் கவனித்தேன், காலையிலிருந்து அவள் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாந்தா க்ரிஸ்தீனா த ஆரோவுக்கு இறங்கி மறுபடி ரயில் தடத்தைப் பிடித்தோம். கடைசிக் கிலோமீட்டர்களில் காற்றில் உப்பு வாசம். சான் ஃபெலியு த கீஷோல்ஸ் ஊருக்குள் நுழைந்து, கடற்கரைச் சாலையைக் கடக்க நின்றோம். கார்கள். அக்கா வலம் பார்த்து, இடம் பார்த்து, பிறகு பழக்கம் போல் பின்னாலும் பார்த்தாள். ஒரு கார் நின்று வழிவிட்டது.

வளைகுடா சின்னது, தண்ணீர் அசைவில்லாமல் இருந்தது. மணலில் கால் கழுவும் குழாய் ஒன்று. அக்கா அதனடியில் நின்று, கெண்டைக்காலில் காய்ந்து ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக் கழுவினாள். மேலே மஞ்சள் சவுலோ, அதற்கடியில் ஓலோட்டின் கருப்பு. இரண்டும் கலந்து கடலை நோக்கி ஓடியது.