போர்ட் ஒயினில் அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது?

போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான போர்ட்டை முதல்முறை குடிக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இதில் எவ்வளவு சர்க்கரை போட்டிருக்கிறார்கள்? ஒரு ஸ்பூன்கூடப் போடுவதில்லை. அத்தனையும் திராட்சையின் சொந்த இனிப்பு, சரியான நேரத்தில் காப்பாற்றி வைத்தது.

சாதாரண ஒயினில் ஈஸ்ட், சாற்றிலுள்ள சர்க்கரையை ஏறக்குறைய முழுதாகத் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். போர்ட்டில் பாதிச் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் கொண்ட, நிறமில்லாத திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள், கிட்டத்தட்ட நாலுக்கு ஒரு பங்கு. ஈஸ்ட் செத்துவிடும், இனிப்பு தங்கிவிடும், ஆல்கஹால் 20 சதவீதத்தைத் தொடும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நொதித்தலுக்குக் கிடைப்பதே இரண்டு மூன்று நாள்தான், அதற்குள் தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்கியாக வேண்டும். அதனால்தான் லகார் என்ற கருங்கல் தொட்டியில் திராட்சையைக் கொட்டி, ஆட்கள் வரிசையாகத் தோள் பிடித்து நின்று காலால் மிதிக்கும் வழக்கம் நிலைத்தது. கால் விதையை உடைக்காது, கசப்பு இறங்காது. இன்றும் தங்கள் மிகச் சிறந்த ஒயினுக்கு இதை விடாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இது போர்ச்சுகலின் வடக்கே டோரு பள்ளத்தாக்கில் மட்டுமே நடக்கிற வேலை. 1756-லேயே எல்லை வகுத்துவிட்ட பகுதி அது. அடுக்கடுக்காக உடையும் பாறை நிலம், செங்குத்தான படிக்கட்டுத் தோட்டங்கள், கொளுத்தும் கோடை. அங்கே விளையும் வகைகளில் டுரிகா நாசியோனல் திராட்சை சிறியது, தோல் தடித்தது, காய்ப்பும் குறைவு. ஆனால் நிறமும் கட்டுக்கோப்பும் வயலட் பூ வாசமும் அதிலிருந்துதான். டுரிகா ஃபிராங்கா மென்மையும் மணமும் சேர்க்கும். டின்டா ரோரிஸ் என்பது வேறொன்றுமில்லை, ஸ்பெயினின் டெம்ப்ரனீயோ திராட்சைதான்.

அப்புறம், வாங்கும்போது பார்க்க வேண்டியது: இது மரப் பீப்பாயில் முதிர்ந்ததா, பாட்டிலில் முதிர்ந்ததா? போர்ட்டில் ரூபி என்ற வகை கொஞ்ச காலம்தான் வைக்கப்படும், செர்ரி, பிளாக்பெர்ரி என்று பழமாகவே இருக்கும். விண்டேஜ், நல்ல ஆண்டுகளில் மட்டும் வருவது, பீப்பாயில் சுமார் இரண்டு வருடம் இருந்துவிட்டு மீதி வாழ்நாளைப் பாட்டிலில் கழிக்கும். அடியில் மண்டி சேரும், நிதானமாக வேறு பாத்திரத்துக்கு வடித்த பிறகே ஊற்ற வேண்டும். டாவ்னி என்ற வகை நேர்மாறு. சிறிய மரப் பீப்பாயில் வருடக்கணக்காகக் காற்று பட்டுப் பட்டு, சிவப்பு வெளுத்துப் பழுப்பாகி, வால்நட், உலர்ந்த அத்தி, கேரமல், ஆரஞ்சுத் தோல் என்று வேறொரு ஒயினாகவே ஆகிவிடும். லேபிளில் 10, 20, 30, 40 என்று போட்டிருப்பது பல வருட ஒயின்கள் சேர்ந்த கலவையின் வயதைச் சுமாராகக் குறிக்கும். எனக்குப் பிடித்தது 20 தான். பழமும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், மரமும் பேசும்.

சாப்பாட்டுக்கு வந்தால், விண்டேஜுக்கு ஸ்டில்டன் போன்ற, நீலப் பூஞ்சை ஓடிய சீஸ். அந்த உப்பு இந்த இனிப்பைப் பிடித்து நிறுத்துவதை ஒருமுறை ருசித்தால் மறக்காது. ரூபிக்குக் கறுப்புச் சாக்லேட். டாவ்னிக்கும் சாக்லேட் வைக்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை, அதன் மென்மையான கொட்டை வாசத்தைச் சாக்லேட் அமுக்கிவிடுகிறது. வறுத்த பாதாம், கேரமல் புட்டிங், ஆப்பிள் டார்ட் வைத்துப் பாருங்கள். இனிப்புப் பண்டம் எதுவானாலும் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

டாவ்னியைக் கொஞ்சம் குளிர வைத்தே ஊற்றுங்கள், 12 முதல் 14 டிகிரி. திறந்தபின் சில வாரம் தாங்கும், காற்றுக்குப் பழகியதல்லவா. விண்டேஜ் அப்படியில்லை. நான் ஒரு பழைய விண்டேஜில் பாதியைப் பத்திரமாக மூடி இரண்டு வாரம் வைத்திருந்தேன், திரும்ப எடுத்தபோது வாசமெல்லாம் போயிருந்தது, இன்னும் மனது கேட்கவில்லை. அதைத் திறக்கிற அன்றே கூடவே குடிக்க நாலு பேரைக் கூப்பிட்டுவிடுங்கள்.